பற்றுப் பக்கத்தில் எழுதப்பட்ட படைகள்

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பர்மாவில் தௌங்கூவுக்குத் தெற்கே ரயில் பாதையை ஒட்டிய ஒரு சிற்றூரில் செட்டியார் கிட்டங்கியொன்றில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக இருந்தவர். 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தபின் முதலாளி காரைக்குடிக்குக் கப்பலேறிவிட்டார். கிட்டங்கியில் மிச்சமிருந்த நெல்லுக்கும் கணக்குக்கும் காவலாக ஐயா மட்டும் அங்கேயே தங்கினார். 1949இல் பர்மா முழுவதும் உள்நாட்டுப் போர் மூண்டபோது, அந்த ஊருக்கு வந்த ஒவ்வோர் ஆயுதக் குழுவும் அவரிடமிருந்து எடுத்துச் சென்றதை அவர் பேரேட்டில் எழுதி வைத்தார். கறுப்புத் துணி ஒட்டிய அந்தப் பேரேடு இன்று என்னிடம் இருக்கிறது.

அதில் ஒரு பக்கத்தை அப்படியே சொல்கிறேன். "மாசி 4, வெள்ளைப் பட்டை, அரிசி 3 மூட்டை, ரொக்கம் ரூ. 20. மாசி 9, கரீன், அரிசி 5 மூட்டை, உப்பு 1. மாசி 17, வெள்ளைக் கொடி, நெல் 40 கூடை, ரசீது கொடுத்தார்கள்." கடன் வாங்கிப் போன குடியானவர் பெயர்களை எழுதிய அதே கையெழுத்தில், அதே வரிசையில், படைகளின் பெயர்களும் பற்றுப் பக்கத்தில் இடம்பெற்றிருக்கின்றன. எவரையும் திட்டியோ புகழ்ந்தோ ஒரு சொல்கூட இல்லை. பெற்றுக்கொண்டவர் திருப்பித் தரவேண்டியவர் என்ற கணக்குப்பிள்ளையின் நம்பிக்கை மட்டும் அந்த எழுத்தில் தெரிகிறது.

இந்தப் பெயர்களுக்கு விளக்கம் தேவைப்படும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1945 செப்டம்பரில் ஏற்பட்ட கண்டி ஒப்பந்தப்படி, ஜப்பானியருக்கு எதிராகப் போராடிய பர்மிய வீரர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டுமே புதிய ராணுவத்தில் இடம் கிடைத்தது. எஞ்சியவர்களைத் திரட்டி விடுதலைத் தலைவர் ஆங் சான் அமைத்ததுதான் மக்கள் தொண்டர் அமைப்பு. பர்மியர் அதைப் பியித்து யெபோ என்பார்கள். 1947 ஜூலை 19ஆம் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டபின் அந்த அமைப்புக்குத் தலைமை இல்லாமற்போயிற்று. மறு ஆண்டே அது இரண்டாகப் பிளந்து, பெரும்பான்மையினரான வெள்ளைப் பட்டையினர் அரசுக்கு எதிராகக் காட்டுக்குள் சென்றனர். மஞ்சள் பட்டையினர் அரசோடு நின்றனர். வெள்ளைக் கொடி என்றால் தக்கின் தான் துன் தலைமையிலான கம்யூனிஸ்டுகள். சிவப்புக் கொடி என்றால் தக்கின் சோவின் ஆட்கள். கரீன் என்று ஐயா எழுதியது கே.என்.டி.ஓ. என்ற கரேன் தேசியத் தற்காப்பு அமைப்பை. பர்மாவின் சிறுபான்மை இனத்தவரான கரேன் மக்கள் தங்கள் ஊர்களைக் காப்பதற்கென்று 1947இல் உருவாக்கிய தற்காப்புப் படை அது.

இவற்றுக்கெல்லாம் எதிராக அரசு தன் பங்குக்குத் திரட்டியதே சிட்வுண்டான் என்ற ஊர்ப்படை. ராணுவத்தின் தலைமைத் தளபதி ஸ்மித் டன் ஒரு கரேன். பட்டாளத்தில் கரேன், கச்சின், சின் பிரிவுகள் கணிசமாக இருந்த நிலையில், அவருடைய கட்டளைக்கு உட்படாத பர்மியத் துணைப்படை ஒன்று வேண்டுமென்று ரங்கூனில் இருந்தவர்கள் நினைத்தார்கள். ராணுவத் தளபதிகளில் ஒருவரான நே வின் கைக்கு அந்தப் பொறுப்பு வந்தது. உள்ளூர் அரசியல்வாதிகள் தத்தம் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். பயிற்சி குறைவு, பகை அதிகம். 1948 கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில், மெர்குயி மாவட்டம் பலாவில் தேவாலயத்தில் கூடியிருந்த எண்பதுக்கும் மேற்பட்ட கரேன் கிறிஸ்தவர்களைத் துணைக் காவற்படையினர் கொன்றார்கள். அடுத்த மாதமே போர் முழுமையாக வெடித்தது. கரேன் மக்கள் ஏன் துப்பாக்கி எடுத்தார்கள் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது பலாவைத்தான்.

சிட்வுண்டானில் இருந்த ஒருவரை நான் நேரில் அறிவேன். நாங்கள் ரங்கூனுக்குக் குடிவந்தபின், 1990களில், எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடைக்குத் தினமும் வரும் பர்மியப் பெரியவர் அவர். நான் அவரை ஊலே என்று அழைப்பேன். அவர் என்னை மகனே என்பார். பதினெட்டு வயதில் சேர்ந்து இன்செயின் போரில் நின்றதாகச் சொன்னார். 1949 ஜனவரி 31 தொடங்கி மே 22 வரை 112 நாட்கள் இன்செயின் நகரம் கரேன் படைகளின் கையில் இருந்தது. ரங்கூனிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில், நாட்டின் தலைநகர் வாசலிலேயே நடந்த போர் அது.

"எங்கள் பக்கம் இரண்டு பேருக்கு ஒரு துப்பாக்கி. அவன் தூங்கும்போது நான் வைத்திருப்பேன், நான் தூங்கும்போது அவன்" என்றார் ஊலே. எதிரே செமினரிக் குன்றில் இருந்த கரேன் படையினரில் பலர் உலகப் போரைப் பார்த்த பழைய சிப்பாய்கள்; இவர்களோ வயலிலிருந்தும் மில்லிலிருந்தும் வந்த பையன்கள். தேநீர் கோப்பையின் அடித்தட்டைக் கவிழ்த்து அதைக் குன்று என்றும், சர்க்கரைக் கரண்டியை ரயில் பாதை என்றும் வைத்துக்கொண்டு அவர் விளக்குவார். ஒருமுறை அப்படி விளக்கிக்கொண்டே வந்தவர், கரண்டியின் நுனியில் விரலை வைத்து, "இந்த இடத்தில்தான் எனக்குத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனவன் எழுந்திருக்கவில்லை" என்று சொல்லிவிட்டு அதற்குமேல் பேசவில்லை. பலாவைப் பற்றி அவரிடம் நான் கேட்டதுண்டு. "அது நாங்கள் இல்லை" என்று முதல் நாள் சொன்னார். சில நாள் கழித்து, நான் கேட்காமலேயே, "எங்களைப் போன்றவர்கள்தான்" என்றார்.

அதே இன்செயினில் ரயில்வே பட்டறையைச் சுற்றித் தமிழரும் தெலுங்கரும் நிறையப் பேர் குடியிருந்தார்கள். என் அத்தையின் குடும்பமும் அங்கே இருந்தது. சண்டை தொடங்கிய இரண்டாம் நாள், சிங்கர் தையல் இயந்திரத்தின் தலைப்பகுதியை மட்டும் கழற்றிச் சேலையில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, தண்டவாளத்தின் வழியே ரங்கூனுக்கு நடந்தார்கள். வழியில் ஒரு கரேன் காவற்குழு நிறுத்தி மூட்டையை அவிழ்த்துப் பார்த்தது. பார்த்தவன் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டு, எண்ணெய் போடவேண்டும் என்று சொல்லி அனுப்பினானாம். ஒரு மைல் தள்ளி அரசுத் தரப்பு ஊர்ப்படை நிறுத்தி, கரேன்காரன் உன்னை மட்டும் ஏன் விட்டான் என்று மாமாவை அறைந்தது. எந்தப் பக்கமும் சேராதவனுக்கு இரண்டு பக்கமும் சந்தேகம் இருந்தது. இந்தியரைக் கலா என்பது அங்குள்ள இளக்காரச் சொல். கலாவுக்கு இந்தச் சண்டையில் என்ன வேலை என்பார்கள். அரிசி வேண்டுமென்றால் மட்டும் கலாவின் கதவைத் தட்டுவார்கள்.

ஊர்ப்படையைப் பற்றிப் பேசும்போது பலரும் வீரத்தையோ கொடுமையையோ சொல்கிறார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது யார் என்பதை நான் சொல்ல விரும்புகிறேன். பட்டாளத்துக்குச் சம்பளமும் ரேஷனும் உண்டு. தொண்டர் படைக்கு அவை இல்லை, அல்லது பேருக்கு உண்டு. ஆகவே அது ஊரைத் தின்றுதான் நிற்கும். அந்த ஊர்ப் பையனே அதில் இருந்தால் எந்த வீட்டில் எத்தனை கூடை நெல் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். காப்பாற்றுகிறவனும் அவனே, காட்டிக்கொடுக்கிறவனும் அவனே. ஐயாவின் பேரேட்டில் வரவுப் பக்கம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கிறது. ஒரே ஒரு வரி மட்டும் உண்டு: "1950 சித்திரை, மஞ்சள் பட்டை, காலிக் கோணி 6." அரிசியை உண்டவர்கள் சாக்கைத் திருப்பியிருக்கிறார்கள். அந்த ஆண்டு மார்ச்சில்தான் அரசுப் படை தௌங்கூவை மீண்டும் பிடித்தது. கோணியைக் கொண்டுவந்தவன் கிட்டங்கிக்கு எதிர் வீட்டுப் பையன் என்று அப்பத்தா சொல்வார்.

ஊர்ப்படை என்ற யோசனை இந்த நாட்டில் அதன்பின் ஓயவே இல்லை. 1950களின் நடுவில் பியூ சா தீ என்ற பெயரில் ஊர்க்காவல் குழுக்கள் வந்தன. அந்தப் பெயர் பழைய பகான் அரசின் கதையில் வரும் வில்லாளி அரசனுடையது. 1958இல் நே வினின் இடைக்கால அரசு அவற்றைக் கலைத்தது. 1963இல் ஷான் மலைகளில் கா க்வே யே என்ற ஊர்ப்படைகளை அதே நே வின் வளர்த்தார். கிளர்ச்சியாளரோடு போரிட்டால் போதும், பாதையில் எதைக் கடத்தினாலும் கண்டுகொள்வதில்லை என்பதே ஏற்பாடு. லோ சிங் ஹானும் குன் சாவும் அபின் வியாபாரத்தில் வளர்ந்தது அந்த நிழலில்தான். 1973இல் கலைக்கச் சொன்னபோது லோ சிங் ஹான் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை.

2021 பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் நடந்ததை நானே கண்டேன். மே 5ஆம் தேதி, ராணுவத்தை எதிர்த்தவர்கள் அமைத்த தேசிய ஒற்றுமை அரசு மக்கள் பாதுகாப்புப் படையை அறிவித்தது. சின் மாநிலத்து மின்டாட்டில் அதற்கு முன்பே டூமி என்னும் நாட்டுத் துப்பாக்கிகளோடு வேட்டைக்காரர்கள் ராணுவ வண்டிகளை எதிர்த்தார்கள். மறுபுறம் ராணுவத்தை ஆதரிக்கும் ஊர்க்குழுக்களுக்கு மக்கள் மீண்டும் பியூ சா தீ என்ற அந்தப் பழைய பெயரையே வைத்து அழைத்தார்கள். என்னை மிகவும் அசைத்தது வேறொன்று. நகரத்துப் பர்மியப் பிள்ளைகள் பயிற்சிக்காகக் கரேன் மலைகளை நோக்கிப் போனார்கள். ஊலே குடியிருந்த தெருவிலிருந்தும் போனார்கள். அவர் எதிர்த்து நின்ற படையின் வாரிசுகள் இவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்துத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இதைப் பார்க்க ஊலே உயிரோடு இல்லை.

2022இல் மழைக்காலம் முடிந்தபின் ஒரு துக்க வீட்டுக்காகப் பெகு வட்டாரத்து உள்பாதையில் பஸ்ஸில் போனேன். மூங்கில் தடுப்பைப் போட்டு நான்கைந்து இளைஞர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டே வந்த ஒருவன் என்னுடையதைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தான். ஐயாவுக்கும் அத்தைக்கும் நேர்ந்ததெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. அவன் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அண்ணே, நீங்க கோயில் தெருவா?" என்று தமிழில் கேட்டான். ஆமாம் என்றேன். வயது இருபதுக்கு மேல் இராது. காலில் ரப்பர் செருப்பு. தோளில் தொங்கிய துப்பாக்கியின் கட்டையில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தான்.

"இந்த வருஷம் தீமிதி நடந்ததா அண்ணே?"

குழி வெட்ட அனுமதி கிடைக்கவில்லை, அம்மனுக்குக் கூழ் மட்டும் ஊற்றினோம் என்றேன். யார் யார் காப்புக் கட்டினார்கள் என்று கேட்டான். நான்கு பெயர்களைச் சொன்னேன். இரண்டாவது பெயரைக் கேட்டதும் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டபடி, பெரியவர்களுக்குக் கொடுக்கும் முறையில் அட்டையை என்னிடம் நீட்டிவிட்டு, ஓட்டுநரிடம் பர்மிய மொழியில் போகச் சொன்னான்.