குழிக்குள் குனிந்த மகன்: எரிமலைப் பகுதிகளுக்குப் போய்வந்தவர்களின் அனுபவங்கள்

கலிபோர்னியாவில் மாமத் மலையின் அடிவாரத்தில் ஹார்ஸ்ஷூ ஏரி இருக்கிறது. கடந்த கோடையில் குடும்பத்தோடு அந்தப் பக்கம் நான்கு நாள் தங்கினோம். ஏரியைச் சுற்றி நடைபாதை, சைக்கிள் ஓட்டுபவர்கள், சிறு படகுகள், கரையில் வெளிர்மணல். எரிமலைக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பே வராது. புகை இல்லை, நெருப்பு இல்லை, கந்தக நாற்றம்கூட இல்லை. வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய பெரிய பரப்பில் மரங்கள் மட்டும் பட்டுப்போய் நின்றன. பட்டை உரிந்து எலும்பு நிறத்தில் இருந்தன. காட்டுத்தீ என்று நினைத்தேன். ஆனால் ஒரு மரத்திலும் கரி படிந்திருக்கவில்லை.

என் ஆறு வயது மகனுக்கு மணலைக் கண்டால் போதும். நான் பைகளை இறக்கி முடிப்பதற்குள் அந்தப் பட்ட மரங்களுக்கு நடுவே முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிவிட்டான். பிறகு குப்புறப் படுத்து, தலையை உள்ளே நுழைத்துத் தோண்டினான். நான் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அந்தப் படம் என் கைபேசியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

என் மனைவி மட்டும் நின்று அறிவிப்புப் பலகையைப் படித்திருக்கிறாள். பாதியிலேயே ஓடிவந்து அவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். "படுக்காதே, இங்கே படுக்கவே கூடாது" என்று அவள் கத்தியதில் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் சிவந்து, மூச்சு வேகமாக வாங்கிக்கொண்டிருந்தது. ஏரியின் மறுபக்கம், காற்று வீசும் இடத்துக்குக் கூட்டிச் சென்று உட்கார வைத்தோம். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டான். அது வாயுவால் வந்ததா, தோண்டிய களைப்பா, ஏறக்குறைய 9,000 அடி உயரத்தின் விளைவா என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. அந்த உயரத்தில் தலைவலியும் மூச்சிரைப்பும் எல்லோருக்கும் வருவதுதான் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்போம்.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். 1989இல் மாமத் மலைக்கு அடியில் பல மாதங்கள் சிறு நிலநடுக்கங்கள் தொடர்ந்தன. அடுத்த ஆண்டு மரங்கள் சாகத் தொடங்கின. முதலில் வறட்சி, பூச்சி என்றுதான் சந்தேகித்தார்கள். பிறகு மண்ணுக்குள் இருக்கும் காற்றை எடுத்துச் சோதித்தபோது காரணம் தெரிந்தது. சாதாரண மண்ணில் கரியமில வாயு 1 சதவீதம் அளவில்தான் இருக்கும். அங்கே 20 முதல் 95 சதவீதம் வரை இருந்தது. ஆழத்தில் இருக்கும் பாறைக்குழம்பிலிருந்து பிரிந்த வாயு வெடிப்புகள் வழியே மேலே கசிகிறது. வேர்களுக்குப் பிராணவாயு கிடைக்காமல் மரங்கள் மூச்சுத்திணறிச் செத்திருக்கின்றன. நிற்கிற மரத்துக்கே அந்தக் கதி.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அதனால் பள்ளத்தில் தண்ணீர்போலத் தேங்கும். நின்றுகொண்டிருக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது. என் முழங்காலுக்குக் கீழே வேறு உலகம் இருக்கலாம். 1990 மார்ச்சில் அந்த ஏரி அருகே பனியில் புதைந்திருந்த சிற்றறைக்குள் நுழைந்த வனத்துறைக்காரர் ஒருவர் மூச்சுத்திணறி, மயிரிழையில் தப்பினார். 2006 ஏப்ரலில் இதே மலையின் பனிச்சறுக்குத் தளத்தில், வாயு வெளிவரும் துளை ஒன்றைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டிருந்த பாதுகாப்புப் பணியாளர்களுக்குக் கீழே பனி இடிந்தது. இருவர் உள்ளே விழுந்தார்கள். காப்பாற்ற இறங்கிய ஒருவரும் சேர்ந்து மூன்று பேர் இறந்தார்கள். மலையை அறிந்தவர்கள், ஆபத்தைத் தடுக்கவே போனவர்கள்.

அதனால் இங்கே கேட்கிறேன். எரிமலை என்றதும் எல்லோரும் தீக்குழம்பையே பேசுகிறோம். கண்ணுக்குத் தெரியாதது உங்களைத் தொட்ட அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள்.

* * *

ஐயா, படித்ததும் உடம்பு நடுங்கிவிட்டது. குழந்தை நலமாக இருப்பதில் மகிழ்ச்சி.

நான் சொல்ல வந்தது ஜப்பானின் ஆசோ எரிமலை பற்றி. அங்கே நகாதகே என்ற எரிமலை வாயின் விளிம்பு வரை வாகனத்திலேயே போய்விடலாம். உள்ளே எட்டிப் பார்த்தால் பச்சை நிற ஏரி கொதித்துக்கொண்டிருக்கும். எனக்குச் சிறுவயது முதல் ஆஸ்துமா. நுழைவிடத்தில் பல மொழிகளில் அறிவிப்பு ஒலிக்கிறது: ஆஸ்துமா, மூச்சுக்குழல் நோய், இதய நோய் உள்ளவர்கள் மேலே செல்ல வேண்டாம். எனக்குக் கோபமே வந்தது. இத்தனை தூரம் வந்துவிட்டு, இன்ஹேலர் பையில் இருக்கும்போது, பத்து நிமிடம் பார்த்துவிட்டு வந்தால் என்ன? அக்காவிடம் வாதாடினேன். அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "நீ வரவில்லை என்றால் நானும் போகவில்லை."

கீழே நின்றுகொண்டிருந்தோம். அரை மணி நேரம் கழித்துக் காற்று திரும்பியது. மேலே விளக்கு நிறம் மாறியது, ஒலிபெருக்கி கத்தியது. விளிம்பில் நின்ற கூட்டம் முழுவதும் முகத்தைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடிவந்தது. நாங்கள் நின்ற இடத்துக்கு வந்தது அதன் வால் மட்டும்தான். தீக்குச்சியை மூக்கருகே உரசியதுபோல ஒரு நெடி, உடனே நெஞ்சு இறுகிவிட்டது. இன்ஹேலரை இரண்டு முறை இழுத்த பிறகுதான் பேச முடிந்தது.

அது கந்தக டை ஆக்சைடு. ஆரோக்கியமானவருக்கு இருமல் வரும் அளவு, ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழலை அப்படியே சுருக்கிவிடும். 1997 நவம்பரில் அந்த விளிம்பில் இரண்டு பார்வையாளர்கள் வாயுவால் இறந்திருக்கிறார்கள். அந்த அறிவிப்பை ஒரு சடங்கு என்று நினைத்திருந்தேன். அது எனக்காகவே, என் பெயர் சொல்லாமல் சொன்னது.

* * *

மேலே எழுதிய சகோதரிக்கு: நெடி வருவது ஒருவகையில் நல்லது, உடனே ஓடலாம். நெடி நின்றுபோவதுதான் பயங்கரம்.

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் உள்ள ஈஜென் மலைக்கு நண்பர்களோடு போயிருந்தேன். நள்ளிரவுக்குப் பின் ஏறி, வாய்க்குள் இறங்கி, நீலச்சுடரைப் பார்ப்பது வழக்கம். அது தீக்குழம்பு அல்ல. வெடிப்புகளிலிருந்து வரும் கந்தக வாயு பற்றி எரிவதுதான் அந்த நீலம். பக்கத்திலேயே உலகின் மிகப்பெரிய அமில ஏரி. அந்தப் பாதையில்தான் கந்தகம் வெட்டும் தொழிலாளர்கள் எழுபது, எண்பது கிலோ பாறையைத் தோளில் சுமந்து ஏறுகிறார்கள். நாங்கள் முகமூடிக்குள் திணறிக்கொண்டிருந்தபோது, ஒருவர் ஈரத்துணியைப் பல்லில் கடித்தபடி எங்களைக் கடந்து போனார். அவருக்கு வழிவிட்டு, மலைச்சுவர் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். விளிம்புப் பக்கம் ஒதுங்காதீர்கள்.

எங்களில் இருவர் தூசிக்குப் போடும் சாதாரண முகக்கவசம் கொண்டுவந்திருந்தார்கள். அது சாம்பலைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அமில வாயுவுக்கென்று வடிகட்டி உள்ள முழு முகமூடி வேண்டும், அதுவும் கன்னத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். என் நண்பருக்குத் தாடி. முகமூடி வைத்தும் இருமிக்கொண்டே இருந்தார். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்த தோழி கண்ணைத் திறக்கவே முடியாமல் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடி அணிந்து போவதே உத்தமம்.

இப்போது நெடிக்கு வருகிறேன். கீழே இறங்கும்போது அழுகிய முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்ஃபைடு. வாயுவின் அளவு கூடினால் மூக்கின் நுகர்வே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, காற்று சுத்தமாகிவிட்டது என்று அங்கே நிம்மதியாக மூச்சு விடுபவர்தான் விழுவார். எங்கள் வழிகாட்டி இதைச் சொல்லியிருந்தார். அவர் கை காட்டியதும் ஏன் என்று கேட்காமல் ஏறிவிட்டோம். விடுதிக்கு வந்து கை கழுவும்போது பார்த்தேன், என் வெள்ளி மோதிரம் அடுப்புக்கரி பூசியதுபோலக் கறுத்திருந்தது. ஒரே இரவில். அந்தக் காற்றைத்தான் நெஞ்சுக்குள் இழுத்துக்கொண்டிருந்தோம்.

* * *

ஒரு கேள்வி. எச்சரிக்கை நிலை குறைவாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனால் போதாதா? அடுத்த மாதம் பெற்றோரோடு போகிறேன், அதனால் கேட்கிறேன்.

* * *

போதாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஜப்பானின் ஒன்தாகே மலை, 3,067 மீட்டர். 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. இலைகள் நிறம் மாறும் பருவம், தெளிவான வானம், உச்சியில் மதிய உணவுக்காக உட்கார்ந்திருந்த கூட்டம். 11:52க்கு வெடித்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர். அன்று எச்சரிக்கை நிலை 1, ஐந்தில் மிகக் குறைந்தது. அந்த நிலைக்கு அப்போது வைத்திருந்த பெயர் "இயல்பு". பின்னர் அந்தச் சொல்லையே மாற்றிவிட்டார்கள். இப்போது "இது இயங்கும் எரிமலை என்பதை மனத்தில் கொள்க" என்று இருக்கிறது.

தீக்குழம்பு மேலே வந்தால் பெரும்பாலும் நிலம் வீங்கும், நிலநடுக்கம் கூடும், கருவிகள் சொல்லும். ஒன்தாகேயில் நடந்தது நீராவி வெடிப்பு. உள்ளே சூடேறிய நிலத்தடி நீர் ஒரே நொடியில் ஆவியாகிப் பாறையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. இதற்கு முன்னறிவிப்பு மிகக் குறைவு. நியூசிலாந்தின் வகாரி தீவிலும் 2019 டிசம்பர் 9 அன்று இப்படித்தான். தீவில் 47 பேர் இருந்தார்கள், 22 பேர் இறந்தார்கள். அங்கே மூன்று வாரத்துக்கு முன்பே நிலையை 2க்கு உயர்த்தியிருந்தார்கள். சுற்றுலா நிற்கவில்லை.

நான் ஒன்தாகே ஏறியது உச்சிப் பாதையை மறுபடி திறந்த பிறகு. ஒன்தாகேயில் பலரைக் கொன்றது பறந்துவந்த கற்கள், அதனால் தலைக்கவசம் வாங்கிக்கொண்டு போனேன். ஏறும்போது அது பையில் தொங்கிக்கொண்டிருந்தது, வெயிலுக்குக் கனமாக இருந்தது. எதிரே இறங்கிவந்த வயதான பெண்மணி ஒருவர் நின்று, என் பையைத் தொட்டுக் காட்டி, பிறகு தன் தலையைத் தொட்டுக் காட்டினார். வேறொன்றும் பேசவில்லை. உடனே எடுத்துப் போட்டுக்கொண்டேன். உச்சியருகே இப்போது புகலிடங்கள் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை அடியில் ஓடிச் சேர முடியும் என்று எண்ணிப் பார்த்தபடியே நடந்தேன். உங்கள் பெற்றோர் எவ்வளவு வேகமாக ஓடுவார்கள் என்று யோசித்து, எந்த உயரத்தோடு நிறுத்துவது என்பதை முடிவு செய்யுங்கள். வாயின் விளிம்பு வரை போக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

கண்காணிப்பு நிலையத்தின் அறிவிப்பைப் புறப்படும் அன்று காலையில் மறுபடி பாருங்கள். முந்தைய வாரம் பார்த்தது உதவாது. மேற்கு சுமத்திராவில் மராபி மலை 2023 டிசம்பர் 3 அன்று வெடித்தபோது மேலே ஏறியவர்களில் 24 பேர் இறந்தார்கள். வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்ற பரிந்துரை முன்பே இருந்தது. ஏறும் பாதை திறந்திருந்தது. பாதை திறந்திருப்பது வேறு, மலை அனுமதிப்பது வேறு.

* * *

ஹவாயில் கிலாவேயா எரிமலையைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சின்னக் குறிப்பு. 2024 டிசம்பர் 23 முதல் உச்சியில் தீக்குழம்பு விட்டுவிட்டுப் பீச்சியடிக்கிறது, கூட்டம் அலைமோதுகிறது. டிசம்பர் 25 அன்று, பார்வையிடும் இடத்தில் கூட்டத்திலிருந்து நழுவிய ஒரு சின்னக் குழந்தை 400 அடிப் பள்ளத்தின் விளிம்பை நோக்கி ஓடியது. தாய் அலறிக்கொண்டே பாய்ந்து, ஓரடி இருக்கும்போது பிடித்தார். எல்லோர் கண்ணும் நெருப்பில் இருக்கும். இருட்டில் குழந்தையின் கையை ஒருவர் மட்டும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், படம் எடுக்கும் பொறுப்பை இன்னொருவரிடம் விட்டுவிடுங்கள்.

தரையில் பொன்னிற முடிபோல மெல்லிய இழைகள் கிடக்கும், ஹவாயின் எரிமலைத் தெய்வம் பெலேயின் பெயரால் பெலேயின் கூந்தல் என்பார்கள். அழகுதான், ஆனால் தீக்குழம்பு இழையாக உறைந்த கண்ணாடி. நான் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினேன். பத்து நாள் கழித்தும் விரலிடுக்கில் ஒரு துணுக்கு குத்திக்கொண்டிருந்தது. தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள்.

* * *

எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஒன்தாகேயில் சைகை காட்டிய அந்தப் பெண்மணியை நான் மறக்க மாட்டேன்.

பெற்றோரோடு போகிற நண்பருக்கு: முதல் நாள் பட்ட அச்சத்துக்குப் பிறகு ஹார்ஸ்ஷூ ஏரியை விட்டு நாங்கள் ஓடிவிடவில்லை. மறுநாள் மறுபடி போனோம். இந்த முறை வண்டியை விட்டு இறங்கியதும் நான்கு பேரும் பலகை முன் நின்றோம். மகனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும் என்பதால் அவனையே படிக்கச் சொன்னோம். ஒவ்வொரு வரிக்கும் ஏன், ஏன் என்று கேட்டான். மரங்கள் ஏன் செத்தன என்று கேட்டபோது, மூச்சுவிட முடியாமல் என்றேன். கொஞ்ச நேரம் அந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்ட மரங்களின் பரப்பை நிற்காமல் கடந்து, பச்சை மரங்கள் இருக்கும் கரையில்தான் உட்கார்ந்தோம். அங்கே ஓர் இளைஞர் தன் நாயோடு வந்தார். நாய் பட்ட மரங்கள் பக்கம் ஓடிப்போய் முன்னங்காலால் மண்ணைப் பறண்ட ஆரம்பித்தது. நான் எழுவதற்குள் என் மகன் எழுந்து, கைகளை விரித்து, அவரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.