கரிசக்காட்டு ரயில் பயணம் (கோலாலம்பூர் அரட்டைக் குழு)

செந்தூல் தம்பி: மாமா, டிசம்பர்ல திருச்சிக்கு பிளைட் டிக்கெட் மலிவா இருக்கு லா. கோவில்பட்டி பக்கத்துக் கரிசக்காட்டுப் பருத்தியை ரயில்ல இருந்து பார்க்கப் போயிரலாமா?

பிரிக்பீல்ட்ஸ் மாமா: டிசம்பர் வேணாம்யா. அங்க மானாவாரிப் பருத்தி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கிறது. டிசம்பர்ல செடி பச்சையாத்தான் நிக்கும். காய் வெடிச்சு வெள்ளை தெரியணும்னா மாசி, பங்குனி.

பத்துமலை அக்கா: அப்பவும் கண்ணுக்கெட்டுன வரைக்கும் வெள்ளையா இருக்கும்னு நினைச்சுட்டுப் போகாதே தம்பி. நிறைய காடு மக்காச்சோளத்துக்கும் உளுந்துக்கும் மாறிப்போச்சு.

செந்தூல் தம்பி: எந்த ரயில்?

பிரிக்பீல்ட்ஸ் மாமா: 22627. திருச்சி–திருவனந்தபுரம் இன்டர்சிட்டி. காலை ஏழு மணியை ஒட்டிக் கிளம்பும், சரியான நேரம் முந்தின நாள் பார்த்துக்க. மதுரை, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வழி. டிக்கெட்டை திருநெல்வேலி வரைக்கும் எடு. கோவில்பட்டியில இறங்குனா அதுக்கப்புறம் கடம்பூர், மணியாச்சி வரைக்கும் வர்ற வெட்டவெளி போச்சு.

பத்துமலை அக்கா: வந்தே பாரத் வேணாமாண்ணே?

பிரிக்பீல்ட்ஸ் மாமா: படம் எடுக்கணும்னா வேணாம்மா. மூடுன கண்ணாடி, உள்ள இருக்கிற லைட்டெல்லாம் படத்துல விழும். ஏசி சேர் காரும் அப்படித்தான். ஏசி இல்லாத செகண்ட் சிட்டிங் எடுங்க, ஜன்னல் திறக்கும்.

செந்தூல் தம்பி: எந்தப் பக்கம் மாமா?

பிரிக்பீல்ட்ஸ் மாமா: ரயில் போற திசையைப் பார்த்து வலது பக்கம். காலையில தெற்கே போறப்ப வெயில் இடது பக்கம் இருக்கும், வலது பக்கக் காட்டு மேல நேரா விழும். மத்தியானம் 22628ல வடக்கே திரும்புறப்ப வெயில் மேற்கே போயிருக்கும். அப்பவும் வலதுதான். ஒரே தொல்லை, இரட்டைப் பாதை. நம்ம மலேசியா கேடிஎம் ரயில் மாதிரி அங்கயும் இடது தடத்துல ஓடும், அதனால எதிர் ரயில் வலது பக்கம்தான் உரசுற மாதிரி வரும். போன் ஜன்னல் கம்பிக்கு உள்ளயே இருக்கட்டும். ஷட்டர் வேகம் 1/1000 செகண்டை விடக் குறையக் கூடாது, கிட்டத்துப் புதரை விட்டுட்டுத் தூரத்து வரப்பைப் பிடி.

செந்தூல் தம்பி: மீட்டர் கேஜ், அதான் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம், இன்னும் இருக்கா?

பிரிக்பீல்ட்ஸ் மாமா: அந்தப் பாதையில இல்லை. 1876ல மதுரை–தூத்துக்குடி திறந்தப்ப மீட்டர் கேஜ். கரிசல் பருத்தி துறைமுகத்துக்குப் போன பாதை அது. இப்ப 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை. மலேசியாவுல நாமதான் இன்னும் 1000 மில்லிமீட்டர்ல ஓட்டுறோம். கரண்டு மட்டும் ரெண்டு ஊருக்கும் ஒண்ணு, 25 கிலோவோல்ட்.

பத்துமலை அக்கா: கரிசல் மண்ணு மேல தண்டவாளம் போடுறதே தலைவலின்னு சொல்லுவாங்களே?

பிரிக்பீல்ட்ஸ் மாமா: ஆமாம்மா. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கிப் பாளம் பாளமா வெடிக்கும். மண்ணு மேல நேரா ஜல்லியைக் கொட்டுனா, ரயில் ஓட ஓட ஜல்லி கீழ இறங்கி சேறு மேல பிதுங்கும். தண்டவாளம் மட்டம் தப்பும், உடனே வேகத்தைக் குறைக்கச் சொல்லிருவாங்க. அதனாலதான் நடுவுல சரளையும் மணலும் கலந்த ஒரு அடுக்கைப் போட்டு இறுக்குறது. ஓரத்துல தண்ணி வடியலேன்னா அதுவும் தாங்காது. ஜல்லி வெள்ளையா இல்லாம சேறு பூசுன மாதிரி தெரிஞ்சா அந்த இடத்துல கோளாறுன்னு அர்த்தம்.

பத்துமலை அக்கா: ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடி திறக்கும். கடைசி நேரத்துல தட்கல் எடுத்துக்கலாம்னு இருந்துறாதீங்க. ஆதார் இணைக்காத ஐஆர்சிடிசி (ரயில் டிக்கெட் தளம்) கணக்குல 2025 ஜூலையில இருந்து தட்கல் கிடைக்காது.

செந்தூல் தம்பி: ஒரு பருத்திக் காய் பறிச்சுட்டு வரலாமாக்கா? ஷோகேஸ்ல வைக்க.

பத்துமலை அக்கா: கூடாது. பஞ்சுக்குள்ள கொட்டை இருக்கு. அனுமதி இல்லாம விதை கொண்டு வந்தா நம்ம ஏர்போர்ட்டுல சோதனை அதிகாரிங்க பிடுங்கிருவாங்க.

பிரிக்பீல்ட்ஸ் மாமா: கோவில்பட்டி கடலை மிட்டாய் வாங்கிக்க, 2020ல புவிசார் குறியீடு வாங்குனது. காத்துப் புகாத டப்பாவுல போட்டுக் கொண்டா, நம்ம ஊரு ஈரக் காத்துக்கு வெல்லப்பாகு சீக்கிரம் பிசுபிசுத்துரும்.