மெர்போக் பயணம்: சண்டி மட்டும் போதுமா, உலையும் பார்க்க வேண்டுமா?

மீனா டீச்சர், பட்டர்வொர்த்
பள்ளி விடுமுறையில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் 40 பேரைக் கெடாவின் (பழைய கடாரம்) பூஜாங் பள்ளத்தாக்குக்கு ஒரு நாள் பயணமாக அழைத்துப் போகிறோம். மெர்போக் அருங்காட்சியகமும் புக்கிட் பத்து பாஹாட் சண்டியும் (பழங்காலக் கோயில்) உறுதி. மிச்ச நேரத்தில் சுங்கை பத்து இரும்பு உலைத் தளத்துக்குப் போகலாம் என்கிறேன். வழியில் பெனாகா பக்கம் குவார் கெப்பா சிப்பி மேடும் இருக்கிறது. பெற்றோரில் பாதிப் பேர், "மண்ணையும் சிப்பியையும் பார்க்கவா பஸ் எடுக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கடாரத்தான்
டீச்சர், நானும் அந்தப் பாதியில்தான் இருக்கிறேன். இந்த மண்ணில் நம் கதை ரப்பர் தோட்டத்தில் தொடங்கியது என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1025இல் ராஜேந்திர சோழனின் படை கடல் தாண்டி வந்ததும், அதற்கு முன்பே இங்கே கோயில்கள் இருந்ததும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். சண்டியின் முன்னால் நின்றால் நெஞ்சு நிமிரும். இரும்பு உருக்கிய கசடுக் குவியலின் முன்னால் நின்றால் என்ன வரும்?

செல்வா, நிபோங் தெபால்
அண்ணே, ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் (கல்வெட்டில் வரும் புகழ்ப்பாட்டு) கடாரம் வருகிற இடத்தைப் படித்துப் பாருங்கள். யானைப் படை வருகிறது, விச்சாதிரத் தோரணம் வருகிறது, மணி பதித்த கதவு வருகிறது. துருத்தி ஊதியவன் வரவில்லை. அவனைப் பார்க்க வேண்டுமென்றால் சுங்கை பத்துவுக்குத்தான் போக வேண்டும்.

2009 முதல் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) ஆய்வாளர்கள் அங்கே தோண்டியபோது சுடுமண் ஊதுகுழாய்த் துண்டுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. துருத்திக் காற்றை உலைக்குள் கொண்டுபோகிற குழாய் அது. நெருப்பைப் பார்த்த முனை உருகிப்போகும், திரும்பத் திரும்பப் புதுக் குழாய் செய்தாக வேண்டும். அத்தனை மண்ணையும் யாரோ பிசைந்திருக்கிறார்கள். பெண்களா, சிறுவர்களா? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பதில் பத்து விதமாக வரும்.

எங்கள் வீட்டில் அப்பத்தாவின் பால்மரம் (ரப்பர் மரம்) சீவும் உளி இருக்கிறது. கைப்பிடியில் கட்டைவிரல் பட்டுப் பட்டுப் பள்ளம் விழுந்திருக்கிறது. விடியற்காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), பால் வடியும் மங்கு, வாளி எல்லாவற்றையும் அவர் வாயால் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பள்ளத்தில் என் விரலை வைத்தபோதுதான் எத்தனை ஆயிரம் மரம் என்று புரிந்தது.

கடாரத்தான்
தம்பி, உங்கள் அப்பத்தாவின் உளியை நானும் வணங்குகிறேன். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். 2013இல் பூஜாங்கில் 11ஆம் எண் சண்டியை நில மேம்பாட்டுக்காக இடித்துத் தள்ளினார்கள். செய்தி வந்த பிறகுதான் எல்லாரும் கொதித்தோம். அதற்கு முன் எத்தனை பேர் போய்ப் பார்த்திருந்தோம்? இருக்கிற சண்டிகளுக்காவது நாம் கூட்டமாகப் போய் நிற்க வேண்டும்.

ரேவதி, ஆயர் ஈத்தாம்
இடிபட்டது சண்டி மட்டுமல்ல, ஐயா. குவார் கெப்பாவின் சிப்பி மேடுகளை அந்தக் காலத்திலேயே சுண்ணாம்புக்காக வாரிக்கொண்டு போனார்கள். முன்பு தோண்டி எடுத்த எலும்புகள் நெதர்லாந்தின் லைடன் வரை போயின. அப்படியும் 2017இல் அங்கே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. ஐந்தாயிரம் ஆண்டுக்குக் குறையாது. அந்த மேடே அன்றைய மக்கள் தின்றுபோட்ட சிப்பி ஓடுதான். கெப்பா என்றாலே மலாயில் ஒரு வகைச் சிப்பி. இன்றைக்கும் சந்தையில் விற்கிறது, நாமும் வாங்கிச் சமைக்கிறோம்.

இளங்கதிர்
சுங்கை பத்து உலைகளே தமிழன் அமைத்தவைதானே? "பெரும்பதன் கல்" என்று தமிழ் எழுத்துள்ள கல்கூட அங்கே கிடைத்திருக்கிறது. அதைச் சொன்னால் பெற்றோர் தாங்களாகவே வருவார்கள்.

செல்வா, நிபோங் தெபால்
இல்லை தம்பி, அந்தக் கல் கெடாவில் கிடைக்கவில்லை. தென் தாய்லாந்தில், கிராபி பக்கம் க்ளோங் தோமில் கிடைத்தது. கையில் அடங்குகிற உரைகல். தங்கத்தை உரசி மாற்றுப் பார்த்த பொற்கொல்லர் தன் பெயரைத் தமிழ்ப் பிராமியில் (பழைய தமிழ் எழுத்து) பொறித்து வைத்திருக்கிறார். கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. படையோடு வந்தவர் இல்லை, பிழைக்க வந்தவர். எனக்கு இதுதான் பெரிய பெருமை.

ஆனால் உலை ஊதியவர் என்ன மொழி பேசினார் என்று கசடு சொல்லாது. உள்ளூர் மக்களின் உழைப்பை நம் பெயரில் எழுதிக்கொள்ளக் கூடாது. நாளைக்கு வகுப்பில் மலாய் நண்பன் கேட்டால் நம் பிள்ளை தலை குனிய நேரும்.

கடாரத்தான்
அந்த உரைகல் விஷயம் எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு அதன் படத்தையாவது காட்டுங்கள். சரி, உலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், நான் தடுக்கவில்லை. குவார் கெப்பாவையும் அதே நாளில் திணித்தால் மட்டும் ஒப்ப மாட்டேன். சின்னப் பிள்ளைகள் வெயிலில் சோர்ந்துவிடுவார்கள், கடைசியில் சண்டியில் அவசரப்படுத்துவீர்கள்.

ரேவதி, ஆயர் ஈத்தாம்
குவார் கெப்பா நம் பினாங்கு மாநிலத்திலேயே இருக்கிற இடம், ஐயா. வாசலைத் தாண்டிப் போய் அடுத்த ஊரைப் பார்ப்பதா?

மீனா டீச்சர், பட்டர்வொர்த்
ரேவதி, குவார் கெப்பாவுக்குத் தனியாக ஒரு சனிக்கிழமை வைத்துக்கொள்வோம், நீங்களே முன்னின்று நடத்துங்கள். இந்தப் பயணத்தில் காலை சண்டியும் அருங்காட்சியகமும், சாப்பாட்டுக்கு அப்புறம் சுங்கை பத்து. பஸ் 7 மணிக்குப் புறப்படும். செல்வா, அப்பத்தாவின் உளியைக் கொண்டுவர முடியுமா? முனையை மட்டும் துணியால் சுற்றிவிடுங்கள். பிள்ளைகள் கட்டாயம் பிடித்துப் பார்ப்பார்கள்.