மகன் வழியாகக் கேட்ட கேள்விகள்: வேற்று மொழி மக்களோடு பணி செய்தபோது தவறிய இடங்கள்

புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்கான தாய்சேய் நலத் திட்டம் ஒன்றில் களப்பணியாளராக இருந்தேன். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வாரத்தில் ஒருநாள்தான் வருவார். மற்ற நாட்களில், பள்ளிக்குப் போய் எங்கள் மொழியைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து பேசிவிடுவார்கள். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று வியந்தேன். அதில் இருந்த சிக்கல் உறைக்கவே இல்லை.

ஒரு தாயை நான்கு முறை பார்த்தேன். நான்கு முறையும் ‘எல்லாம் நலம்’ என்ற பதில்தான். ஐந்தாம் முறை மொழிபெயர்ப்பாளர் அக்கா கூட வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் பையனை விளையாட அனுப்பிவிட்டு, அந்தத் தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கு இன்னும் நிற்கவில்லை என்று அப்போதுதான் சொன்னார் அந்தத் தாய். பத்து வயது மகன் வாயால் அதை எப்படிச் சொல்லவைப்பார்? அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம், தேறிவிட்டார். ஆனால் அத்தனை வாரங்கள் அவர் தனியாகப் பயந்துகொண்டிருந்தார். என் குறிப்பேட்டிலோ ‘ஒத்துழைப்பு நன்று, பிரச்சினை இல்லை’ என்று நான்கு முறை எழுதியிருக்கிறேன்.

அதன்பின் உடல்நலம் பற்றிய பேச்சில் பிள்ளைகளை இடையில் உட்காரவைப்பதில்லை. மொழிபெயர்ப்பாளர் வரும் நாட்களைக் கூட்டச் சொல்லிச் சண்டையே போட்டேன். அவர் பேசும்போதும் தாயின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறேன். ‘புரிந்ததா?’ என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். அதற்கு எல்லோரும் தலையாட்டிவிடுகிறார்கள். ‘இந்த மருந்தை வீட்டில் எப்படிக் கொடுப்பீர்கள், எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்’ என்று கேட்டால்தான், நான் எங்கே சரியாக விளக்கவில்லை என்று தெரிகிறது.

* * *

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. எங்களுக்கு நடந்ததும் இதே போலத்தான்.

வேற்று மொழி மக்களுக்கு நாங்கள் நடத்திய பயிற்சியின் முடிவில் கருத்துப் படிவம் கொடுத்தோம். ஏறக்குறைய எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போட்டார்கள். அடுத்த மாதம் பாதிப் பேர் வரவில்லை. ‘இவர்களுக்கு ஆர்வமில்லை’ என்று கூட்டத்தில் சொன்னவன் நான்தான். பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. தங்களைத் தேடி வந்தவர்களுக்குக் குறைந்த மதிப்பெண் போடுவது மரியாதைக் குறைவு என்று நினைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் உட்கார்ந்திருந்த அதே அறையில் இளையவர்கள் வாயே திறக்கவில்லை. போதாக்குறைக்கு, படிவத்தில் ‘பயனுள்ளதா?’ என்ற கேள்வி அவர்கள் மொழியில் ‘நன்றாக நடத்தினோமா?’ என்பதுபோல் ஆகியிருந்தது. மொழிபெயர்த்ததை வேறொருவரிடம் கொடுத்துத் திரும்ப நம் மொழிக்கு மாற்றிப் பார்த்திருந்தால் அன்றே பிடித்திருப்போம். இப்போது அதைச் செய்யாமல் எந்தப் படிவமும் வெளியே போவதில்லை.

அமெரிக்க மருத்துவர்கள் மெலனி டெர்வலன், ஜேன் மர்ரே கார்சியா இருவரும் 1998இல் ‘பண்பாட்டுப் பணிவு’ பற்றி எழுதினார்கள். ஒரு பண்பாட்டை முழுதாகக் கற்று முடித்துவிட்டோம் என்ற நினைப்பை விட்டு, வாழ்நாள் முழுக்க நம்மையே கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வாதம். இரண்டு நாள் பயிற்சியும் ஒரு சான்றிதழும் போதும் என்று இருந்த எனக்கு அது நன்றாகவே தைத்தது.

* * *

உங்கள் இருவர் அனுபவத்தையும் படித்தேன். பெரிய திட்டங்களும் இதே இடத்தில்தான் வழுக்குகின்றன. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் இறைக்கும் ‘பிளேபம்ப்’ திட்டத்துக்கு 2006இல் 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள். ஆப்பிரிக்க நாடுகளில் 2010க்குள் 4,000 பம்புகள் வைப்பது இலக்கு. குழந்தைகள் விளையாடாத நேரத்தில் அந்த ராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுற்றும் வேலை பெண்கள் தலையில் விழுந்தது. தண்ணீர் எடுப்பவர்களிடம் முதலில் கேட்டிருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

வளர்ச்சிப் பணி செய்யும் கனடாவின் ‘எல்லைகளற்ற பொறியாளர்கள்’ அமைப்பு 2008 முதல் தன் தோல்விகளையே அறிக்கையாக வெளியிட ஆரம்பித்தது. எங்கள் ஆண்டறிக்கையிலும் அப்படி ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். நிதி தருபவர்கள் கையை இழுத்துக்கொள்வார்களோ என்று தலைவர் தயங்குகிறார். உங்களில் யாராவது தவறை வெளிப்படையாக எழுதிக் கொடுத்ததுண்டா? நிதி தருபவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கொஞ்சம் சொல்லுங்கள், அடுத்த கூட்டத்தில் அவரிடம் காட்ட வேண்டும்.