சார்னியா: திங்கட்கிழமை மதியச் சங்கு

கனடாவில் சார்னியா பக்கம் இருந்தவர்கள், போய் வந்தவர்கள் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

லாம்ப்டன் கல்லூரியில் படிக்க ஒரு ஜனவரியில் போய் இறங்கினேன். டொராண்டோவிலிருந்து மேற்கே கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், வழியெல்லாம் பனி மூடிய வயல். 402 நெடுஞ்சாலை முடிகிற இடத்தில் ஊர், அதை ஒட்டி செயின்ட் கிளேர் ஆறு, அக்கரை அமெரிக்கா. முதல் ராத்திரியே தெற்கே வானம் செக்கச்செவேலென்று இருக்க, எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று வீட்டுக்காரம்மாவை எழுப்பிவிட்டேன். "கெமிக்கல் ஆலையில் வாயுவை எரிக்கிறார்கள், போய்ப் படு" என்றார். காலையில் டீ கொடுத்து முறையாகப் பாடம் எடுத்தார். திங்கட்கிழமை மதியம் ஆபத்து எச்சரிக்கைச் சங்கு ஊதினால் அது சோதனை, கண்டுகொள்ளாதே; வேறு கிழமையில் ஊதினால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இரு. நான் மணலிப் பக்கம் வளர்ந்தவன், வாடை புதிதில்லை. கிழமை பார்த்துப் பயப்படுவதுதான் புதிது.

மனதில் நிற்பவர் ஆற்றங்கரை பெஞ்சில் பழக்கமான ஒரு பெரியவர். ஹூரான் ஏரியிலிருந்து இறங்கி வரும் சரக்குக் கப்பல்களின் புகைபோக்கி நிறத்தைப் பார்த்தே எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவார். நான் கெமிக்கல் படிக்கிறேன் என்றதும் பர்சிலிருந்து ஊதா நிறப் பத்து டாலர் நோட்டு ஒன்றை எடுத்தார், 1971 வரிசை, மடிப்பெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. முன்பக்கம் கனடாவின் முதல் பிரதமர் மெக்டொனால்ட், பின்பக்கம் மலையும் இல்லை, மாளிகையும் இல்லை, இந்த ஊர்த் தொழிற்சாலை! பாலிமர் கார்ப்பரேஷன். போரில் மலேயா ரப்பர் ஜப்பான் கைக்குப் போய்விட்டதால் செயற்கை ரப்பர் செய்ய 1942-இல் கனடா அரசே தொடங்கியது. அவர் அங்கே முப்பது வருஷம் வேலை பார்த்தவராம். குழாய்களுக்கு நடுவே ஒரு புள்ளியை நகத்தால் தொட்டு, "இங்கேதான் நான் நிற்கிறேன், தெரிகிறதா?" என்றார். தெரிகிறது என்றேன். வேறென்ன சொல்ல.

*

நான் ரொறன்ரோவில் இருந்து லொறி ஓடுகிறேன், சார்னியாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஆற்றைக் கடக்கிற புளூ வோட்டர் பாலம் எனக்கு வாரத்தில் இரண்டு தரம். பாலத்தடியில் வண்டியில் விற்கிற ஃப்ரைஸ் சாப்பிடாமல் வந்ததே இல்லை, வினிகர் கூட ஊற்றச் சொல்லுங்கோ. 2016 ஆகஸ்டில் நடந்த கூத்து உங்களுக்குத் தெரியுமோ? அக்கரையில் சனம் வருசா வருசம் காற்றடித்த ரியூப்களில் ஏறி ஆற்றோடு மிதந்து போவார்கள். அந்தமுறை காற்று மாறி அடித்து ஏறக்குறைய 1,500 அமெரிக்கர்கள் சார்னியாக் கரையில் வந்து ஒதுங்கிவிட்டார்கள். பாஸ்போட் இல்லை, பலரின் காலில் செருப்பும் இல்லை. ஊர் பஸ்களில் ஏற்றிப் பாலத்தால் திருப்பி அனுப்பினார்கள். ஒரு தாளை வீட்டில் மறந்துபோய் விட்டுவிட்டு அதே பாலத்தில் நாலு மணித்தியாலம் நின்ற எனக்கு வயிறு எரியாதா, சொல்லுங்கோ.

*

நோட்டு, ஃப்ரைஸ் எல்லாம் சரி. ஆலைகளுக்கு நடுவிலேயே ஆம்ஜிவ்னாங் இருக்கிறதே, அனிஷினாபே பழங்குடிகளின் ஊர், அதை ஒருவரும் எழுதவில்லையே? என்கூட வேலை பார்த்த தோழி அந்த ஊர்க்காரி. ஒருமுறை அவர்களுடைய கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். பக்கத்திலேயே ஆலை. பாட்டியின் கல்லில் கிடந்த பனியைக் கையுறையால் தள்ளிக்கொண்டே ஏதோ சொன்னாள், இரைச்சலில் பாதி காதில் விழவில்லை. 2024 ஏப்ரலில் அங்கே காற்றில் பென்சீன் என்கிற நச்சு கூடி, ஆட்களுக்குத் தலைவலி, குமட்டல் என்று ஆஸ்பத்திரி வரை போய், கடைசியில் அவசரநிலையே அறிவித்தார்கள். சங்கைப் பற்றி அவளிடம் கேட்டிருக்கிறேன். "அதற்கு முன்னாலேயே எங்கள் மூக்குக்குத் தெரிந்துவிடும்" என்றாள்.

*

திரி ஆரம்பித்தவன்தான். நீங்கள் சொல்வது சரி. இரண்டு வருஷம் அந்த ஊரில் இருந்தும் நான் அங்கே ஒருநாள்கூட இறங்கியதில்லை. பஸ்ஸில் தாண்டிப் போயிருக்கிறேன், ஜன்னலைச் சாத்திக்கொண்டு.