நடுவர் மதிப்பெண்ணா, குடவோலையா?

முத்துநகரான் எழுதியது:

தென் மாவட்டங்களுக்கான புதுத்தொழில், ஊர் மேம்பாட்டுத் திட்டப் போட்டி ஒன்றுக்கு நடுவராக வரச்சொல்லி மறுபடியும் கடிதம் வந்திருக்கிறது. போவதா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். நடத்துகிறவர்கள் யார் என்று கேட்காதீர்கள். நல்ல மனிதர்கள், மதியச் சாப்பாடும் நன்றாகவே போட்டார்கள். என் குறை எங்கள் மேல்தான், அதாவது நடுவர்கள் நால்வர் மேல்.

இரண்டு வருடத்துக்கு முன்பு 62 விண்ணப்பங்கள் வந்தன. அதில் 40ஐ ஒதுக்க அரை நாள் போதுமானதாக இருந்தது. எங்களுக்குள் சின்ன வாக்குவாதம்கூட இல்லை. செலவுக் கணக்கே இல்லாதவை, வேறு எங்கோ எழுதியதை எடுத்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றியவை, மானியம் கைக்கு வந்த பிறகு யோசிக்கலாம் என்ற ரகம். மீதி 22இல்தான் வில்லங்கம்.

கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். கருவாடு காயவைக்கும் சூரிய உலர்த்தி அவருடைய திட்டம். மணலில் விரித்தால் மூன்று நாள் ஆகும், நடுவில் ஒரு மழை விழுந்தால் மொத்தமும் பாழ். கூடாரத்துக்குள் தட்டுகளில் பரப்பினால் மணல் ஒட்டாது, நாய் வாய்வைக்காது, ஒன்றரை நாளில் காய்ந்துவிடும். திரையில் காட்டப் படம் எதுவும் அவரிடம் கிடையாது. மஞ்சள் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். பென்சிலால் கோடு போட்டு, பச்சை நெத்திலி நாலு கிலோ, உப்பு, கூலி, கழிவு, கிடைத்த கருவாடு ஒரு கிலோ, விற்ற விலை என்று எட்டு மாதக் கணக்கு. கூடவே ஒரு பொட்டலம். அதைப் பிரித்ததும் குளிர்சாதன அறை முழுக்க வாசம். ஒரு நடுவர் எழுந்து போய் ஜன்னலைத் திறக்கப் பார்த்தார். அது திறக்கிற ஜன்னல் இல்லை.

அவருக்கு நாங்கள் போட்டது 72, 74, 70, 41. வாழைத்தார் ஏலத்துக்குக் கைப்பேசிச் செயலி கொண்டுவந்த இரண்டு இளைஞர்களுக்கு அதே வரிசையில் 68, 70, 69, 92. நாலு பேரில் மூன்று பேர் கருவாட்டைத்தான் மேலே வைத்தோம். சராசரி எடுத்ததும் இவருக்கு 64.25, அவர்களுக்கு 74.75. செயலிக்கு முதல் பரிசு. அந்த அம்மாவுக்கு ஒரு சான்றிதழ், ஒரு சால்வை.

ஆகவே என் யோசனை இது: தேறாதவற்றைக் கழிப்பதோடு நடுவர் வேலை முடியட்டும். தேறிய பெயர்களை ஒரு குடத்தில் போட்டுக் குலுக்கி எடுங்கள். உத்திரமேரூரில் ஆயிரம் வருடத்துக்கு முன்பு செய்ததுதானே?

கணக்குப்பிள்ளை எழுதியது:

அண்ணாச்சி, முப்பத்திரண்டு வருடம் வங்கியில் கடன் விண்ணப்பம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் வருத்தம் புரிகிறது, மருந்துதான் நோயைவிட மோசம்.

41ம் 92ம் போட்டவரை வில்லனாக்கிவிட்டீர்கள். அவர் ஒருவர்தான் கோப்பை முழுதாகப் படித்தவராக ஏன் இருக்கக்கூடாது? மற்ற மூவரும் 68க்கும் 74க்கும் நடுவே பாய் விரித்துப் படுத்துவிட்டீர்கள். யார் மனமும் நோகக்கூடாது என்று நினைக்கிற வாத்தியார் போடுகிற மதிப்பெண் அது.

இன்னொன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. வெயில் கொளுத்துவதும் அந்த மாதங்களில்தான். அப்போது உலர்த்திக்கு மீன் எங்கிருந்து வரும் என்று யாராவது கேட்டீர்களா? அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலை வைத்தே நான் கடன் கொடுப்பதா வேண்டாமா என்று சொல்லிவிடுவேன். இது தொழில், ஜோசியம் இல்லை. தெரியாதவர்கள் மேசையை விட்டு எழுந்துகொள்ளலாமே தவிர, பொதுப்பணத்தைக் குலுக்கலில் கொடுக்கச் சொல்லக்கூடாது. தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டை 2003இல் தடை செய்தது மறந்துவிட்டதா?

புள்ளிவாத்தியார் எழுதியது:

சார், உங்கள் அனுபவத்துக்கு வணக்கம். ஆனாலும் நைஜீரியாவில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2011இல் அந்த நாட்டு அரசு இளைஞர்களுக்கு ‘யூவின்’ என்று ஒரு தொழில் திட்டப் போட்டி நடத்தியது. ஏறக்குறைய 24,000 விண்ணப்பங்கள். அதில் 6,000 பேருக்கு நாலு நாள் பயிற்சி கொடுத்து, திட்டம் எழுத வைத்து, மதிப்பெண் போட்டார்கள். கடைசியில் 1,200 பேருக்குப் பரிசு. ஆளுக்குச் சராசரியாக 50,000 டாலர். சிறு தொகை இல்லை. உச்சத்தில் இருந்த சிலரை மதிப்பெண்ணை வைத்தே எடுத்தார்கள். வட்டார நியாயத்துக்காக அந்த நாட்டின் ஆறு மண்டலங்களுக்கும் தனி இடம் ஒதுக்கினார்கள். மிச்சம் 700க்கும் மேற்பட்ட பரிசுகளை, அரையிறுதி வரை வந்தவர்களுக்குள் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். முத்துநகரான் கேட்கிற குடவோலை அதுதான்.

உலக வங்கிப் பொருளாதார நிபுணர் டேவிட் மெக்கென்சி இவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார். குலுக்கலில் பரிசு பெற்றவர்கள், கிடைக்காதவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ வேலை கொடுக்கிற நிறுவனமாக வளரும் வாய்ப்பு 20 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியிருந்தது. பிறகு அவரும் சான்சோனே என்பவரும் சேர்ந்து 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நடுவர் போட்ட மதிப்பெண்ணுக்கும், மூன்று வருடம் கழித்து அந்தத் தொழில் பிழைத்ததா, எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு லாபம் என்பதற்கும் தொடர்பே இல்லை. கம்ப்யூட்டரை விட்டுக் கணிக்கச் சொன்னபோதும் பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

சராசரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 41 முதல் 92 வரை பரந்து மதிப்பெண் போடுகிறவர் ஒருவர், 68 முதல் 74க்குள் சுருக்கிப் போடுகிறவர்கள் மூவர் என்றால், நால்வரும் சமம் என்பது வெறும் பெயரளவில்தான். முடிவை எழுதுவது அந்த ஒருவர். மதிப்பெண்ணுக்குப் பதில் தரவரிசை கேட்டிருந்தால் மூன்றுக்கு ஒன்று என்று கருவாடு மேலே வந்திருக்கும். இதற்குக் குடமும் வேண்டாம், ஓலையும் வேண்டாம்.

கரிசல்மண் எழுதியது:

உத்திரமேரூரை இழுக்காதவர்களே இல்லை. அந்தக் கல்வெட்டில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டுப் பேசுவோம். முதலாம் பராந்தகன் காலம், 920ஐ ஒட்டி. அது பிராமணர் சபை. குடத்துக்குள் பெயர் போக வேண்டுமென்றால் வரி செலுத்துகிற கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் தெரிந்திருக்க வேண்டும். சபை நடுவே ஒரு சிறுவனை விட்டு ஓலை எடுக்க வைத்தது அழகான காட்சிதான். அந்தக் கருவாட்டு அம்மாவின் பெயர் எழுதிய ஓலை குடத்தின் வாயைக்கூடப் பார்த்திருக்காது.

குலுக்கல் நியாயமானது என்று எல்லோரும் குடத்தையே பார்க்கிறீர்கள். எவனைக் குடத்துக்குள் விடுவது என்று முடிவு செய்கிறவன் கையில்தான் சங்கதி. முதல் பரிசுக்கு இன்று வரும் சிபாரிசு, நாளைக்கு அந்த 22க்குள் நுழைய வரும். இன்னும் சுலபம், முதலிடம் வாங்கித் தருவது கடினம், இருபத்திரண்டில் ஒன்றாக நுழைப்பது ஒரு போன் பேச்சு.

ஆனால் அதே கல்வெட்டில் ஒரு விதி உண்டு. முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய உறவினர்களும் குடத்துக்கு ஆகார். ஏற்கெனவே மானியம் வாங்கி முழுங்கியவர்கள் தம்பி பெயரில், மனைவி பெயரில் மறுபடி வருகிறார்களே, அவர்களுக்கு அதை நாளைக்கே அமல்படுத்தலாம்.

நூல்காரி எழுதியது:

நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றவள். வேறு ஊர், வேறு போட்டி. கழிவு நூலில் மிதியடி செய்கிற திட்டம். ஒன்பதாவது இடம் என்றார்கள். ஏன் ஒன்பது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் தமிழில் பேசினேன். எல்லோருக்கும் புரிந்தது, தலையாட்டினார்கள். கேள்வி மட்டும் ஆங்கிலத்தில் வந்தது. பதில் தெரியும், ஆனால் கேள்வியை மனதுக்குள் தமிழாக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளை ஐயா, ஒரே கேள்விக்கு வரும் பதிலை வைத்துச் சொல்லிவிடுவேன் என்கிறீர்களே, அந்தக் கேள்வி எந்த மொழியில்?

அமெரிக்காவில் 2014இல் ஓர் ஆய்வு வெளியானது. எழுதிக்கொடுத்த அதே தொழில் விளக்கம், அதே படங்கள், பின்னணிக் குரல் மட்டும் வேறு. ஆண் குரலில் கேட்ட தொழிலைத் தேர்ந்தெடுத்தவர்கள் 68 சதவீதம். சொன்ன சொல்லில் ஒன்றுகூட மாறவில்லை.

எனக்குக் குலுக்கலில் வெட்கம் ஒன்றும் இல்லை. ‘தகுதி பெற்றாய், சீட்டு விழவில்லை’ என்று எழுதிக்கொடுத்தால் அந்தத் தாளோடு வங்கிக்குப் போவேன். ஒன்பதாவது இடம் என்ற தாளை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

மொழி விஷயத்தில் அம்மா சொல்வது சரி. அதில் எனக்கு வாதம் இல்லை. எங்கள் கிளையில்கூட விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பேன்.

நைஜீரியாவுக்கு வருகிறேன். 50,000 டாலரைக் கையில் கொடுத்தால் தொழில் வளராமல் என்ன செய்யும்? அது பணத்தின் சாமர்த்தியம். தாளில் எழுதிய திட்டத்துக்குப் போட்ட மதிப்பெண் பொய்த்தது என்றால் ஆச்சரியமே இல்லை. நான் தாளை நம்பியவன் இல்லை. கடைக்குப் போவேன். சரக்கு எங்கே இருக்கிறது, கல்லாவில் உட்கார்ந்திருப்பது யார், பக்கத்துக் கடைக்காரர் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பேன். அதை அளந்து பார்த்த ஆய்வு இருந்தால் கொண்டுவாருங்கள், வாத்தியாரே.

இங்கே தமிழ்நாடு அரசு புதுத்தொழில்களுக்கு டான்சீட் என்ற திட்டத்தில் 10 லட்சம் ரூபாயில் தொடக்க நிதி கொடுக்கத் தொடங்கியது. அந்தப் பணத்தைக் குலுக்கலில் கொடுத்தோம் என்று சட்டமன்றத்தில் யாராவது எழுந்து சொல்ல முடியுமா? யோசித்துப் பாருங்கள்.

அண்ணாச்சி, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அந்த வாழைத்தார்ப் பையன்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

முத்துநகரான் எழுதியது:

கேட்பீர்கள் என்று தெரியும். நன்றாகத்தான் இருக்கிறார்கள். பதினொரு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். செயலியை விட்டுவிட்டார்கள்; அது ஓடவில்லை. தார் ஏற்றுகிற வண்டிகளை ஒருங்கிணைக்கிற வேலைக்கு மாறிவிட்டார்கள். 92 போட்டவர் பார்த்த திட்டம் இன்று இல்லை, ஆட்கள் இருக்கிறார்கள். இது உங்கள் பக்கம் சேருமா என் பக்கமா என்று எனக்கே தெரியவில்லை.

அந்த அம்மா சுயஉதவிக் குழுக் கடனில் ஓர் உலர்த்தி போட்டார். ஒன்றோடு நிற்கிறது. பரிசு கிடைத்திருந்தால் நாலு போட்டிருப்பாரா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

தடைக்காலக் கேள்வியை நான் கேட்கவில்லை, 41 போட்டவரும் கேட்கவில்லை. ஆனால் நோட்டில் மே மாதப் பக்கம் இருந்தது. நாட்டுப்படகு மீன் என்று தனியாகக் கோடு போட்டு, அளவு குறைவு, விலை கூட என்று எழுதியிருந்தார். பக்கத்தைப் புரட்டியிருந்தால் பதில் அங்கேயே கிடந்தது. ஏழு நிமிடத்தில் யார் புரட்டுகிறார்கள்?

புள்ளிவாத்தியார் எழுதியது:

இரண்டு தொழிலை வைத்து எந்தப் பக்கமும் சேர்க்காதீர்கள், சேர்த்தால் வகுப்பை விட்டு வெளியே அனுப்புவேன். கணக்குப்பிள்ளை சாருக்கு: நேரில் போய்ப் பார்ப்பது வேறு வகைத் தகவல், அதை நைஜீரிய மதிப்பெண் அளக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். முதல் வடிகட்டலில் நடுவருக்கு வேலையே இல்லை என்றும் அந்த ஆய்வு சொல்லவில்லை. தேறியவர்களுக்குள் முதலாவது யார், ஏழாவது யார் என்று தசமப் புள்ளி வரை பிரிப்பதைத்தான் நான் நம்ப மறுக்கிறேன்.

கரிசல்மண் எழுதியது:

நேரில் போனாலும் சிக்கல் உண்டு. நடுவர் வருகிறார் என்று தெரிந்தால் பக்கத்து வீட்டுத் தையல் இயந்திரம் எல்லாம் ஒரே கூடத்துக்கு வந்து சேரும். சொல்லாமல் போங்கள்.

முத்துநகரான் எழுதியது:

நேற்றுப் பதில் கடிதம் போட்டேன். தேறிய திட்டங்களின் இடத்துக்கே போய்ப் பார்க்க இரண்டு நாள் வேண்டும், கேள்விகள் தமிழில் இருக்க வேண்டும், மதிப்பெண்ணுக்குப் பதில் ஒவ்வொரு நடுவரும் வரிசை எழுத வேண்டும், தோற்றவர்களுக்குக் காரணம் எழுதித் தர வேண்டும் என்றேன். குலுக்கலைப் பற்றியும் ஒரு வரி. இன்று காலை பதில் வந்துவிட்டது. தமிழ் சரி, வரிசை சரி. காரணம் எழுதுவது பற்றி ஆலோசிக்கிறார்களாம். குலுக்கல் வரியைப் படிக்காததுபோல விட்டுவிட்டார்கள். நேரில் போய்ப் பார்க்க வண்டிச் செலவுக்கு ஒதுக்கீடு இல்லையாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

என் கார் சும்மாதான் நிற்கிறது, டீசலும் என் செலவு. தேதியைச் சொல்லுங்கள், காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் நிற்பேன். வழியில் குலுக்கல் பேச்சை எடுத்தால் அங்கேயே இறக்கிவிடுவேன்.