எண்ணத் தெரிகிறது, எத்தனை என்று தெரியவில்லை

பெரம்பூரில் இருக்கிறோம். பையனுக்கு இரண்டரை வயது. பத்து வரை பாட்டு மாதிரி ஒப்பிக்கிறான். தட்டில் மூன்று மினி இட்லி வைத்தால், தொட்டுத் தொட்டு “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்கிறான். சரி, மொத்தம் எத்தனை என்றால் திரும்ப முதலிலிருந்து எண்ணுகிறான்! கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. இந்த வயதில் அது இயல்புதான், எனக்கும் அவசரமில்லை.

மாமியார் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கினார். 14 குழியிலும் ஒவ்வொன்றாகப் போடுவது அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் புளியங்கொட்டை நேரே வாய்க்குப் போகிறது. பயந்துபோய் எடுத்து வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, விழுங்க முடியாத அளவில் எதைப் போடலாம்? மாடிப்படி எண்ணுவது, டப்பாவுக்கேற்ற மூடி தேடுவதெல்லாம் ஏற்கெனவே நடக்கிறது. ஒர்க்‌ஷீட், ஆப் வேண்டாம். வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.